நாலு பன்னிரண்டு

பையர்ஸ்புரோனுக்கு மேலே, காட்டு விளிம்பில்,
இருபத்துநாலு தொன் ஊசியிலை மரத்தைச்
சங்கிலி போட்டு இறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தால்
இந்த லொறி ஒன்றும் சொல்லாது.
பழையது சொல்லும். இருமும், உதறும்,
கண்ணாடியில் தொங்கும் என் கையுறையைக்கூட ஆட்டும்.
இது சும்மா இருக்கிறது,
கேள்வி விளங்காத பிள்ளை மாதிரி.

அடியில் டீசல் இயந்திரம் இருக்கிறதுதான்.
ஆனால் சக்கரத்தோடு அதற்குப் பேச்சுவார்த்தை இல்லை.
அது மின்சாரம் காய்ச்சும்; சக்கரத்தை மோட்டர் பார்த்துக்கொள்ளும்.
நடுவில் பற்றரி, வாங்குவதும் கொடுப்பதுமாய்,
சீட்டுப் பிடிக்கிற அக்கா போல
வரவுக்கும் செலவுக்கும் ஒரே கொப்பி.

ஏறும்போது வெறும் வண்டி. இறங்கும்போது மரம்.
எங்கள் தொழிலில் கனம் எப்போதும் கீழேதான் போகிறது.
முன்பு அந்தக் கனத்தைப் பிரேக்கில் தேய்த்து,
சூடாக்கி, மூர்க் ஆற்றுக் காற்றில் ஊதிவிட்டோம்.
இப்போது ஒவ்வொரு வளைவும் கொஞ்சம் திருப்பித் தருகிறது.
நூறு கிலோமீற்றருக்கு நாற்பத்தாறு லீற்றர் குடித்தவன்
முப்பத்தைந்தில் நிற்கிறான்.
அற்புதமில்லை. பதினொரு லீற்றர்.
ஷேன்மூன்ட்சாக் தாண்டமுன் பற்றரி நிரம்பிவிடும்.
அதற்குக் கீழே சரிவு இலவசமாய்க் கொட்டினாலும்
ஏந்தப் பாத்திரம் இல்லை. பழையபடி பிரேக்தான்.

முழுக்க மின்சாரமாகவே வாங்கியிருக்கலாமே என்கிறான் ஸ்வோனிமிர்.
காட்டுக்குள் எந்த மரத்தில் வயரைச் செருகுவாய் என்று கேட்டேன்.
“நீயும் ஹைபிரிட்தானே காந்தரூபன், பாதி அங்கே பாதி இங்கே”
என்று ஒருநாள் சிரித்தான்.
இல்லை.
நான் முழுச் சம்பளம் கேட்கிற முழு டிரைவர்.

ஃபோர்பாக் ஊருக்குள் வேகம் முப்பது.
இயந்திரம் தானாக அணையும். விடிய நாலு பன்னிரண்டு.
எங்கள் இரைச்சலைப் பற்றி முறைப்பாடு எழுதிய தெரு
இப்போது புரண்டுகூடப் படுப்பதில்லை.
எனக்கு அதில் பெருமை இருந்தது.

தை மாதம். கணுக்கால் வரை புதுப் பனி.
டயரின் சத்தத்தையும் அது தின்றிருந்தது.
பேக்கரி வளைவில் என் வெளிச்சம்
இன்னும் எதிர்ச் சுவரில்தான் ஊர்ந்துகொண்டிருக்க,
பத்திரிகைக் கட்டுகள் ஏற்றிய சைக்கிளைத் தள்ளியபடி
ஒரு பெண் தெருவுக்குள் இறங்கினாள்.

நாற்பது தொன். நின்றது. எப்படி என்று கேட்காதீர்கள்.
பின்னால் மரங்கள் ஒருதரம் முன்னே வந்து முட்டி,
யோசித்து, அடங்கின.
அவளுடைய கைப்பிடிக்கும் என் பம்பருக்கும் இடையில்
ஒரு பத்திரிகையை விரித்துப் பிடிக்கலாம், அதுவும் ஒற்றைப் பக்கம்.
அவள் திட்டவில்லை. “சத்தமே கேட்கவில்லை” என்றாள்,
ஏதோ தன் காதில் குற்றம் என்பது போல.

மறுநாள் முதல்
அந்த வளைவுக்கு நூறு மீற்றர் முன்னால்
சுவிட்சைத் தட்டி இயந்திரத்தை எழுப்புகிறேன்.
ஹோர்ன் அடித்தால் ஊரே எழும்பும்; இது ஒரு செருமல்,
வாசலில் செருப்பைக் கழற்றுகிறவன் செருமுகிற அளவு.
அவள் திரும்பிப் பாராமல் ஒரு கையைத் தூக்குவாள்.
வளைவு முடிந்ததும் அணைத்துவிடுவேன்.

மாத முடிவில் ஹெற்றிக் அம்மையார்
அறிக்கைத் தாளோடு வந்தார்.
தட்டையான பச்சைக் கோட்டில் தினமும் ஒரு முள்.
“ஃபோர்பாக், நாலு பன்னிரண்டு.
பற்றரி நிறைந்து கிடக்கிறது. எதற்கு டீசல்?”
எவ்வளவு என்று கேட்டேன்.
கணக்கிட்டுப் பார்த்தார். “ஒரு மேசைக்கரண்டி.”

காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது, தீப்பெட்டி அளவில்.
என் ஜெர்மன் எழுத்துப் பிழைகளை நினைத்துச்
சின்னச் சொல்லாகத் தேடி
‘ஆள்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.
“சனிக்கிழமையுமா?”
சனியும்தான் என்றேன்.
ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்:
வாரத்துக்கு ஆறு கரண்டி.